வாரம் ஒருமுறை ஏன்? தோட்டமும் மொபெட்டும் சொல்லித்தரும் பாடம்



பராமரிப்புப் பொறியியல் படிச்சவங்களுக்கு 'பி-எஃப் இடைவெளி' ஞாபகம் இருக்கும். ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போயிடும். இந்தப் பாடத்தை ஒரு வீட்டுத் தோட்டத்துலயும் ஒரு மொபெட்லயும் வெச்சுப் பார்ப்போம். இடம், தர்மபுரி மாவட்டத்துல எங்க ஊர் கடத்தூர். நாள், ஞாயிற்றுக்கிழமை.

முதலில் கருத்து

பெரும்பாலான பழுதுகள் வருவதற்கு முன்னாடி ஒரு சின்ன அடையாளம் காட்டும். அந்த அடையாளம் நம்ம கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் நேரம் 'பி'. பொருள் வேலை செய்யாம நிற்கும் நேரம் 'எஃப்'. நடுவில் இருக்கும் காலம்தான் பி-எஃப் இடைவெளி. நாம சோதிக்கும் இடைவெளி இதைவிடக் குறைவா இருக்கணும். பாதியா இருந்தா இன்னும் பாதுகாப்பு.

1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் விமானப் பராமரிப்பு பற்றி ஒரு அறிக்கை எழுதினாங்க. குறிப்பிட்ட காலம் ஆச்சுன்னு எல்லாத்தையும் கழற்றி மாட்டுறதால பல பாகங்களுக்குப் பயன் இல்லை, அடையாளத்தைத் தேடிப் பார்த்துச் செய்யணும் என்பது அதோட சாரம். விமானத்துக்கு எழுதினது முருங்கை மரத்துக்கும் பொருந்துமா? வாங்க பார்க்கலாம்.

காலை 6 மணி: தோட்டம்

முதல் வேலை தண்ணீர் இல்லை, கொசு. பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் எல்லாத்தையும் கவிழ்த்துடுங்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம்ம வெப்பத்துல 7 முதல் 10 நாள் ஆகும். புழு நெளிவது 'பி'. கொசு பறந்துட்டா 'எஃப்'. ஏழு நாளுக்கு ஒருமுறை என்பது விளிம்பு. மழைக்காலத்தில் புதன்கிழமையும் ஒரு சுற்று பார்த்துடுங்க. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும்.

அடுத்து சொட்டுநீர். சொட்டும் இடத்துக்கு அடியில ஒரு டம்ளரை 6 நிமிஷம் வைங்க. 6 நிமிஷம் என்பது ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. 400 மி.லி. வந்தா மணிக்கு 4 லிட்டர், சரியா ஓடுது. 250 மி.லி.தான்னா அடைப்பு ஆரம்பிச்சிருக்கு. செடி வாடும் வரை காத்திருக்க வேண்டாம். எங்க பக்கம் போர் தண்ணி கடினநீர், வெள்ளையா உப்பு படியும். அந்தத் துண்டைக் கழற்றி வினிகரில் ஊறவெச்சா கால்சியம் கார்பனேட் கரைஞ்சிடும். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தா குமிழி வரும்னு பத்தாவதுல படிச்சது இங்கதான் உதவுது.

எவ்வளவு தண்ணி விடணும்? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் தண்ணி நின்னா அது 1 லிட்டர். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. அளவு ஆவியாகப் போகும்னு வெச்சுக்கிட்டா, 10 சதுர மீட்டர் பாத்திக்கு 50 லிட்டர். காய்ஞ்ச இலை, நிலக்கடலைத் தொலி போட்டு மூடாக்கு கொடுத்தா இது குறையும். விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா அன்னிக்குத் தண்ணி வேண்டாம்.

மூணாவது, இலையைத் திருப்பிப் பார்க்கறது. மாவுப்பூச்சி முதலில் இலைக்கு அடியில் நாலஞ்சு வெள்ளைப் புள்ளியாத்தான் தெரியும். அதுதான் 'பி'. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் புகுந்து, கிழங்குக் காடுகளைப் படாதபாடு படுத்தியது. அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022-ல் வயல்களில் விட ஆரம்பிச்சாங்க. வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாலு புள்ளியா இருக்கும்போதே லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிங்க.

முருங்கைக் கன்று 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விடணும். விட்டுட்டா ஒல்லியா மேலேயே போகும், அப்புறம் காய் பறிக்க ஏணி தேடணும்.

காலை 9 மணி: வண்டி

இந்தியாவின் முதல் ரெண்டு பேர் உட்காரும் மொபெட் டி.வி.எஸ். 50, 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அப்போ ஓசூர் நம்ம தர்மபுரி மாவட்டத்துல இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. அந்த வழியில் வந்த வண்டிகள்ல இன்னிக்கும் தக்காளிக் கூடை, பால் கேன், புல்லுக்கட்டு, சில நேரம் முழுக் குடும்பமும் போகுது. அதனாலதான் பிரேக்கை முதலில் பார்க்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. 40 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 11.1 மீட்டர். நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை வேகக்குறைப்பின் இரு மடங்கால் வகுத்தது. பிரேக் நல்லா இருந்து 5 மீ/வி² கிடைச்சா சுமார் 12.3 மீட்டரில் வண்டி நிற்கும். தேய்ஞ்சு பாதியானா 24.7 மீட்டர். பள்ளிக்கூட வாசலில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இந்த 12 மீட்டர் வித்தியாசம்தான் உயிர்.

எஞ்சின் சூடாகும் முன்னாடியே இந்த வரிசையில் பாருங்க:

1. பிரேக் கேபிள்: லீவர் பக்கம் உருண்டை முனை இருக்கும் இடத்தில், ஒரு இழை பிஞ்சு நீட்டிக்கிட்டு இருந்தா அதுதான் 'பி'. அப்படியே ஓட்டாம புதுசு மாத்திடுங்க. பல வண்டிகளில் சக்கரத்தில் இருக்கும் பிரேக் கையில் தேய்மானக் குறியும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது முள் அந்தக் குறியைத் தாண்டினா ஷூ மாத்தணும்.
2. டயர் காத்து: ஓட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும், ஓடின டயர் சூடாகி அழுத்தம் கூடுதலா காட்டும். பின்னாடி பாரம் ஏத்துறவங்க, கையேட்டில் பாரத்துக்குச் சொன்ன அளவை வைங்க. வால்வில் சோப்புத் தண்ணி விட்டா, கசிவு இருந்தால் குமிழி வரும். செடிக்கு அடிச்ச அதே ஸ்பிரே பாட்டில் போதும்.
3. செயின்: நடுவில் விரலால் தூக்கிப் பாருங்க. ஆட்டம் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கணும். ரெண்டு பக்கக் குறியும் ஒரே எண்ணில் நிற்குதான்னு பார்த்துட்டு அச்சு நட்டை இறுக்குங்க.
4. பிளக்: வெளிர் பழுப்பு நிறம்னா சரி. கரி படிஞ்சிருந்தா எரிபொருள் அதிகம் போகுது. வெளுத்திருந்தா எஞ்சின் அதிகமா சூடாகுது.

டிரம் தூசியை வாயால் ஊதாதீங்க. ஈரத்துணியில் துடைங்க, அது நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் அட்ஜஸ்ட் பண்ணின பிறகு சக்கரத்தைக் கையால் சுத்திப் பாருங்க, தடையில்லாம சுத்தணும். அப்புறம் நடை வேகத்தில் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும். ஷூ மாத்துறது பழக்கமில்லேன்னா மெக்கானிக்கிட்ட கொடுங்க. அடையாளத்தைக் கண்டுபிடிச்சதே பாதி வேலை.

பழைய ஆயிலைக் களை சாகும்னு செடி ஓரத்தில் ஊத்துற பழக்கம் சில வீடுகளில் இருக்கு. வேண்டாம். மண்ணும் கிணறும் சேர்ந்து கெடும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துடுங்க.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு பழைய நோட்டில் நாலு பத்தி போடுங்க: பொருள், அடையாளம், கெட்டுப்போக எவ்வளவு நாள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கணும். மூணாவது பத்தி உங்களுக்குத் தெரியாதா? அப்பாவையோ, ஊரில் பஞ்சர் கடை அண்ணாவையோ, தோட்டத்தைப் பார்த்துக்கற பாட்டியையோ கேளுங்க. இருபது வருஷத் தரவு அவங்க கையில இருக்கு, நோட்டில் ஏறாம. நாம எழுதி வெச்சா அதுவும் ஒரு பராமரிப்புதான்.

அடுத்த ஞாயிறு, முதல் வரியில் வீட்டு வண்டியோட பிரேக் கேபிளை எழுதுங்க.