டிரில் பிட்டைக் கழற்றி மாற்றும் முறை

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயிக்குப் புரட்டாசியில் கைவசம் இருப்பது சில நாட்களே. மழைக்கு முந்திய விதைப்பைக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெகுகாலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அந்த நாட்களில் கொத்துக் கலப்பையின் போல்ட் அறுந்தால் பட்டறை வாசலில் காத்திருக்க நேரம் ஏது? ஆகவே பல விவசாயிகள் கை டிரில் வாங்கி வைத்துள்ளனர். துளை போடுவது எளிது. பிட்டை மாற்றுவதில்தான் கோளாறு வருகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரி டிரில்லானால் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். இரும்பில் துளை போட்டவுடன் பிட் நெருப்பாய்ச் சுடும். ஆறிய பிறகே தொட வேண்டும்.

பிட்டைப் பிடித்திருக்கும் சக்கில் மூன்று தாடைகள் உண்டு. பக்கவாட்டுத் துளையில் சாவியைப் பொருத்தி, இடஞ்சுழியாகத் திருப்பினால் தாடைகள் விரியும். புதுப் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதி முழுதும் தாடைக்குள் இருக்க வேண்டும். சுருள் பகுதியைத் தாடை கவ்வக்கூடாது. மெல்லிய பிட் சில வேளை இரு தாடைகளுக்கு இடையே ஒதுங்கி நின்றுவிடும்; நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே இறுக்கவும். ஒரு துளையில் மட்டும் இறுக்கிவிட்டு வேலையில் இறங்குவோர் அதிகம். மூன்று துளைகளிலும் சாவியைப் போட்டு வரிசையாக இறுக்கினால்தான் பிட் வழுக்காது. பிறகு சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். சக்கில் மறந்த சாவி, மோட்டார் ஓடியதும் தெறித்து முகத்தில் அடிக்கும்.

வேம்பார், வைப்பாறு பக்கம் உப்புக் காற்றில் சக்கு துருப்பிடித்து இறுகுவது உண்டு. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சிறிது நேரம் ஊறவிடவும். பின்பு சாவியைப் பொருத்தி, அதன் கைப்பிடியைக் கழற்றும் திசையில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இளகும். சாவியில்லாச் சக்கைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டிக் கழற்றுவது சிலர் வழக்கம். மணிக்கட்டைத் திருகிவிடும் வேலை அது, கூடவே கூடாது.

சுவருக்கான ஹாம்மர் டிரில்லில் முறை வேறு. அதன் பிட்டின் தண்டில் காடி வெட்டியிருக்கும். கழுத்து வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் பிட் வந்துவிடும். மாட்டும்போது தண்டில் சிறிது கிரீஸ் தடவி, சுழற்றியபடி உள்ளே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். சுவர் பிட்டை இரும்புக்கு மாட்டினால் துளை விழாது, பிட்தான் வீணாகும். இரும்புக்கு ஹைஸ்பீடு பிட் தேவை.

12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை போதுமானது. முதலில் 5 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, பிறகு பெரிய பிட்டை மாற்றிக்கொள்ளலாம். சிறிய டிரில்களின் சக்கு 10 மி.மீ. வரைதான் பிடிக்கும், வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பிட்டை மாற்றியதும் இரும்பில் வைக்காமல் ஒரு கணம் வெறுமனே ஓட்டிப் பார்க்கவும். முனை ஆடினால் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மீண்டும் பொருத்துவதே சரி. தோள் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு வேலை தொடங்கவும். வேலை முடிந்ததும் சக்கைத் துடைத்து, பிட்டுகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் அடுத்த பட்டம் வரை துரு ஏறாது.