ஃபிரெட்போர்டில் புள்ளி வைக்கும் தம்பிக்கு



உன் கிதாரில் முத்துச்சிப்பிக்குப் பதிலாக மரத்திலேயே புள்ளி பதிக்கப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எந்த மரம் நல்லது என்று கேட்டிருக்கிறாய். இன்றைக்கு எது அழகாக இருக்கிறது என்று பார்க்காதே. இன்னும் பல வருஷம் கழித்து எது கண்ணுக்குத் தெரியும் என்று பார்.

மரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். படாக்கின் செம்மை வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடும். பர்பிள்ஹார்ட்டின் ஊதாவும் அப்படித்தான். பலாவின் மஞ்சள் நாளாக ஆகக் கருக்கும். ஈட்டி மரமோ வெளிச்சத்தில் வெளுக்கும். ஈட்டிப் பலகையில் பலாப் புள்ளி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும். மேப்பிள் லேசாக மஞ்சளேறினாலும் கருங்காலியின் மேல் பளிச்சென்று நிற்கும். ஹாலி கிடைத்தால் அது இன்னும் வெள்ளை.

மரத்தைப் போலவே அதை வெட்டும் திசையும் முக்கியம். கடையில் விற்கும் உருளைக் குச்சியை நறுக்கிப் பதித்தால் குறுக்குவெட்டு முகம் மேலே வரும். அது எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துவிடும். புள்ளிக்கான மரத்துண்டின் முகத்திலிருந்து பிளக் கட்டரால் வில்லைகளை எடு. ஒட்டும்போது வில்லையின் ரேகையும் ஃபிரெட்போர்டுப் பலகையின் ரேகையும் ஒரே போக்கில் இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் வில்லைக்கு நகமளவு துண்டு போதும். கழிவு மரத்தை எறியாதே. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்து.

ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 12-ஆம் ஃபிரெட்டின் இரட்டைப் புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால், பலகைக்கு வளைவு கொடுக்கும்போது அதிகம் தேயும். 12 அங்குல ஆரத்தில் 13 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி கால் மில்லிமீட்டருக்கு மேல் இழக்கும். பிற்பாடு ஃபிரெட் மாற்றுகிறவர் பலகையை மறுபடி தேய்ப்பார். அன்றைக்கும் மரம் மிஞ்ச வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகையில் 2 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, வில்லையைச் சற்றே மேலே நிற்கும்படி ஒட்டு. கருங்காலியில் இடுக்கு விழுந்தால் அதன் தூளையே எபாக்சியில் குழைத்து மறைத்துவிடலாம். மேப்பிள் பலகையில் கருப்புப் புள்ளி வைக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. துளை கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும்.

கருங்காலித் தூசி மேப்பிளின் நுண்துளைகளில் ஏறினால் புள்ளி அழுக்காகத் தெரியும். கடைசி இழைப்புக்கு முன் புள்ளியின் மேல் ஷெல்லாக் ஒரு பூச்சு கொடு. உப்புத்தாளை விட ஸ்க்ரேப்பர் நல்லது. முகக்கவசம் இல்லாமல் இதில் இறங்காதே. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றை மறக்காதே. வாசிக்கிறவர் அதிகம் பார்ப்பது பலகையின் முகத்தை அல்ல, தன் பக்கம் இருக்கும் விளிம்பைத்தான். மேடையில் வெளிச்சம் குறைந்தால் கை தேடுவது அங்கே இருக்கும் 2 மில்லிமீட்டர் புள்ளியை. முகத்தில் கொடியும் பூவும் இழைத்துவிட்டு விளிம்பை அவசரத்தில் முடிப்பது வாசிப்பவருக்குச் செய்யும் துரோகம். கிதாரில் 3, 5, 7, 9, 12 என்பது வழக்கம்; யுகுலேலேயில் பலர் 9-ஐ விட்டு 10-இல் வைப்பார்கள். கிளாசிக்கல் கிதாரின் முகத்தில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. யாருக்காகச் செய்கிறாயோ அவரைக் கேட்டுவிட்டு ட்ரில்லைத் தொடு.

முதலில் விளிம்புப் புள்ளிகளைச் செய்து பழகு. அவை நேர்கோட்டில், ஒரே அளவில், தெளிவாக அமைந்த பிறகு கொடிக்கும் பூவுக்கும் போ.

அன்புடன்,
அண்ணன்