தங்கவயலில் எதைப் பார்ப்பீங்க?

பண்பொழி திருமலைக்கோவில் படி ஏறவே நமக்கு மூச்சு வாங்குது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். எந்திரங்களுக்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. இறங்கியவர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டுத் தமிழர்கள்.

டன்னுக்குக் கிடைத்த தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ல் மூடிட்டாங்க. பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பியது.

பங்காருப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பம் போங்க. ஆட்களை இறக்கிய இரும்புக் கோபுரத்தை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீங்க அந்த மணல் மேடுகளைப் பாருங்க. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மிச்சம் அது. (கே.ஜி.எஃப். படத்தில் வருதே, அதேதான்.)

சயனைடு என்றதும் பயம் வரும். ஆனா வெயிலிலும் காற்றிலும் அது நாளடைவில் பெருமளவு சிதைந்துவிடும். சிதையாதது குவார்ட்ஸ் தூள். காற்றடித்தால் வீட்டுக்குள் வரும், நுரையீரலில் படியும். நமக்கு ஒருநாள் மாஸ்க் போதும், அங்கே குடியிருப்பவங்களுக்கு?

செடி வேர்பிடித்தால் தூள் அடங்கும். ஆனா அந்தத் தூளில் சத்தே இல்லை. மேல்மண் போடணும், மழை அரிக்காதபடி சரிவைக் குறைக்கணும். சிவில் மாணவர்களே, புராஜெக்ட் தேடுறீங்கல்ல?

சாயங்காலம் பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் திரும்புறவங்ககிட்ட பேசுங்க. தமிழிலேயே பேசலாம்.