கடிவாளத்துக்கு முன்னே தரைப்பயிற்சி

இளைஞர்களே, கட உபநிஷத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் வல்லியில் வரும் தேர் உவமையை நம் வகுப்புகளில் பலமுறை கேட்டிருப்பீங்க. நசிகேதனுக்கு எமன் சொல்வது: உடல் தேர், ஆன்மா அதில் அமர்ந்திருப்பவர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். இதை நாம் "புலன்களை இழுத்துப் பிடி" என்று சுருக்கிவிடுகிறோம். குதிரைகளோடு பழகும் எனக்கு அந்தச் சுருக்கம் சரியாகப் படவில்லை. இழுத்து மட்டும் பிடித்தால், முரட்டுக் குதிரை இன்னும் முரடாகும்.

வார இறுதியில் நான் உதவி செய்யும் லாயத்துக்கு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்று வந்தது. ராஜா என்று கூப்பிடுவோம். கிட்டத்தட்ட 500 கிலோ. பக்கத்தில் போனால் காதைப் பின்னால் மடக்கும். கயிற்றைப் பிடித்தால் தோளால் இடித்துத் தள்ளும். யாரும் ஏற முடியாத குதிரைக்கு எத்தனை நாளைக்குத் தீவனம் போடுவாங்க? அது மனிதரோடு பழகினால்தான் அதற்கு ஓர் இடம்.

பல வாரம் யாரும் அதன்மேல் ஏறவில்லை. தலைவார், 3.5 மீட்டர் கயிறு, தரையில் நான். இதை கிரவுண்ட்வொர்க் என்பார்கள். தரைப்பயிற்சி என்று வைத்துக்கொள்வோம்.

குதிரை புல் மேய்ந்து, வேட்டை மிருகங்களிடமிருந்து ஓடித் தப்பி வாழ்ந்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும்; ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கிட்டே போகணும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. (தம்பி தங்கைகளே, ஹெல்மெட்டும் பயிற்றுநரும் இல்லாமல் இதைச் செய்து பார்க்காதீங்க.)

முதல் பாடம் பின்வாங்குவது. எதிரே சற்றுத் தள்ளி நின்று கயிற்றை லேசாக ஆட்டுவேன். ராஜா தலையைத் தூக்கி முறைக்கும். ஆட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவேன், குரல் உயராது. ஒரு கால் பின்னால் போன அந்த நொடியே கையை நிறுத்திடணும். தாமதித்தால் எதற்காக நிறுத்தினோம் என்று அதற்குப் புரியாது. கயிற்றின் அழுத்தம் ஒரு கேள்வி மாதிரி. அது விடுபடும்போதுதான் 'நீ செய்தது சரி' என்ற பதில் அதற்குக் கிடைக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அது முட்டித் தள்ளும்போது "பாவம்" என்று கையை விட்டால், தள்ளினால் ஜெயிக்கலாம் என்று கத்துக்கும். அதுவும் நாம் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

அடித்தால் சீக்கிரம் அடங்காதா என்று கேட்பீங்க. அடங்கின மாதிரி நிற்கும். கண்ணில் வெள்ளை தெரியும், மூச்சை அடக்கிக்கொண்டு தலையைத் தூக்கியே வைத்திருக்கும். அது பயம். மரியாதை வேற. தலை தாழும், ஒரு காது நம் பக்கம் திரும்பும், நீளமாக மூச்சு விடும். ராஜாவிடம் இதைப் பார்க்க ஆறு வாரம் ஆச்சு.

நாம் பார்த்தசாரதி என்று கும்பிடுகிற கண்ணனும் குதிரைக்காரர்தானே. ஜயத்ரதனைத் தேடிப் போன நாளில், களைத்த குதிரைகளைப் போர்க்களத்தின் நடுவிலேயே அவிழ்த்துவிட்டார். உடம்பில் தைத்த அம்புகளை எடுத்து, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டினார். அதுவரை அர்ஜுனன் தரையில் நின்று போரிட்டான். சூரியன் மறைவதற்குள் முடிக்க வேண்டிய சபதம். ஒவ்வொரு நொடியும் கணக்கு. அப்படிப்பட்ட நேரத்திலும் சாரதி சவுக்கை எடுக்கவில்லை. விரட்டத் தெரிந்தவருக்கு எப்போ நிறுத்தணும் என்பதும் தெரிந்திருந்தது. கட உபநிஷத்தின் சாரதியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். அடுத்த வகுப்பில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசிப் பாருங்க. காலை ஐந்து மணிக்கு எழ மறுக்கிற உடம்பு, கைப்பேசியைத் தேடுற கண் என்று உங்க குதிரைகளையும் கணக்கில் சேர்த்துக்கலாம்.

ராஜாவுக்குப் பந்தய நாளிலிருந்தே எல்லாம் இடப்பக்கமாகப் பழக்கம். இடது கண்ணுக்குப் பழகின பொருளை வலது பக்கம் கொண்டுபோனால் புதுசாகப் பார்த்து மிரளும். அதனால் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு பக்கமும் நடத்தறோம். இடப்பக்கம் குடையை விரித்தாலும் இப்போ நிற்குது. வலப்பக்கத்துக்குக் குடையை இன்னும் மடக்கித்தான் கொண்டுபோறோம்.