பால்புட்டியா, பாலாடையா?

மணலூர்பேட்டை பக்கம் களை எடுக்க, கரும்பு வெட்டப் போகும் தாய்மார்கள், "மாமியாரிடம் பிள்ளையை விட்டுட்டுப் போறேன், எந்தப் புட்டி, எந்த ரப்பர் வாங்கலாம்?" என்று கேட்பதுண்டு.

புட்டியின் மூலையிலும் ரப்பரின் ஓட்டையிலும் பால் பிசுக்கு தங்கும். கிருமி வளர்ந்து வயிற்றுப்போக்கு வரும். ரப்பர் சப்பிப் பழகிய பிள்ளை மார்பில் சரியாகக் குடிக்காது. பால் சுரப்பும் குறையும். 1992-ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டம் பால்புட்டி விளம்பரத்தையே தடை செய்தது.

நம்ம வீட்டுப் பாலாடையே நல்லது:

1. சோப்புப் போட்டுக் கை கழுவி, தாய்ப்பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்த கிண்ணத்தில் மூடி நிழலில் வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம்.

2. பாலாடையைக் கழுவி, 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வையுங்கள்.

3. பிள்ளையின் தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.

புட்டி வாங்கியே ஆகணும் என்றால், பிரஷ் நுழையும் அகன்ற வாயும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்க வையுங்கள். வெடித்த, பிசுபிசுத்த ரப்பரைத் தூக்கிப் போடுங்கள். மீந்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். பால் போதவில்லை என்று தோன்றினால், கடைக்குப் போகுமுன் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.