மாடி அறைச் செடிகளும் வெப்பக் கேமராவும்

கேள்வி: எங்கள் வீடு புதுக்கோட்டை டவுனில் இருக்கிறது. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பட்டா அவர் பெயரில்தான். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்த என் தம்பி, மாடி அறையின் ஜன்னலை அடைத்து, பெரிய விளக்குகள் மாட்டி, நான்கு கஞ்சாச் செடிகள் வளர்க்கிறான். மூலிகை ஆராய்ச்சி என்று அப்பாவை நம்ப வைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்து பத்து நாள்தான் ஆகிறது. கேட்டால், "சொந்த உபயோகத்துக்குத்தான். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். போலீஸ் தெர்மல் கேமரா வைத்துப் பார்த்தாலும் செல்லாது, அமெரிக்காவில் தீர்ப்பே இருக்கிறது" என்கிறான். அந்த அறைச் சுவர் ராத்திரியிலும் சுடுகிறது. போலீஸ் கண்ணில் படாமல் இந்தச் சூட்டை மறைக்க முடியுமா? இல்லை, நானே செடிகளைப் பிடுங்கி எரித்துவிடட்டுமா? அப்பாவிடம் சொன்னால் அவரும் வழக்கில் மாட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட வேண்டாம், புதுக்கோட்டை

பதில்: சகோதரி, சூட்டை மறைக்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தேடாதீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குற்றத்துக்குத் துணை போனவருக்கும் குற்றம் செய்தவருக்கு உரிய தண்டனையையே விதிக்கிறது. இன்று நீங்கள் விஷயம் தெரிந்து கலங்கி நிற்கும் அக்கா. மறைக்க உதவிய மறுநாளே அந்த வழக்கில் ஓர் எதிரியாகச் சேர்க்கப்படலாம்.

தம்பி சொல்லும் தீர்ப்பு உண்மையானதுதான். ஆனால் அவர் அதைப் பாதிதான் படித்திருக்கிறார். 1992 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், டேனி கைலோ என்பவரின் வீட்டைத் தெருவில் நின்ற காரிலிருந்து வெப்பக் கேமராவால் பார்த்தார்கள். கூரையின் ஒரு பகுதியும் பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. வாரண்ட் வாங்கி உள்ளே போனபோது நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. பொதுமக்கள் புழக்கத்தில் இல்லாத ஒரு கருவியால் வீட்டுக்குள் நடப்பதை அறிய முயல்வதும் சோதனைதான், அதற்கு முன்கூட்டியே வாரண்ட் வேண்டும் என்றார் நீதிபதி ஸ்காலியா. அதோடு கைலோவை விட்டுவிடவில்லை. கேமராவை ஒதுக்கிவிட்டு, கரண்ட் பில்லும் தகவல் கொடுத்தவர்களின் வாக்குமூலமும் மட்டுமே வாரண்டுக்குப் போதுமா என்று பார்க்கச் சொல்லி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றே ஆண்டுகளில், 2004-இல், கனடா உச்ச நீதிமன்றம் டெஸ்லிங் வழக்கில் இதற்கு நேர்மாறாகச் சொன்னது: விமானத்திலிருந்து எடுத்த வெப்பப் படம் சுவரின் வெளிப்புறச் சூட்டை மட்டுமே காட்டுகிறது, அதனால் அந்தரங்க உரிமை மீறப்படவில்லை.

இரண்டு தீர்ப்புமே புதுக்கோட்டை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையை நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டுச் சுவரைத் தாண்டிப் பார்க்கும் கருவிகளுக்கு இந்த நாட்டிலும் தெளிவான வரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முறை தவறிய சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று 1973-இல் பூரன் மல் வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது. அமெரிக்கத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போனால் இங்கே அது தாங்காது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் நுழையப் போலீசுக்குக் கேமராவே தேவையில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அதிகாரி ஒருவர், தனக்குக் கிடைத்த தகவலை எழுதி வைத்துக்கொண்டு, சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே வாரண்ட் இல்லாமலே வரலாம். வாரண்ட் வாங்க நேரமில்லை என்பதற்கான காரணத்தைப் பதிவு செய்துவிட்டு இரவிலும் வரலாம். எழுதியதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இந்த விதிகளை அடியோடு மீறினால் வழக்கு ஆட்டம் காணும் என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. வக்கீல்கள் வாதாடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஆனால் அதெல்லாம் கைதுக்குப் பிறகு, பல நாள் சிறையில் இருந்த பிறகு வரும் வாதம். அந்தத் தகவலைக் கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போதும். பழகிப் பிரிந்த ஒரு நண்பர் போதும்.

இனி அந்த ஒரு கிலோ கணக்கு. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு தொடங்குகிறது, அதற்குப் பத்து முதல் இருபது ஆண்டு. தம்பி படித்தது இதைத்தான். இது கஞ்சாவை வைத்திருப்பவருக்கு உரிய கணக்கு. செடி வளர்ப்பது 20-ஆம் பிரிவின் 'ஏ' உட்பிரிவில் வரும் தனிக் குற்றம். அங்கே எடையும் இல்லை, சிறிய அளவு என்ற படியும் இல்லை, சொந்த உபயோகம் என்ற விலக்கும் இல்லை. ஒரு செடியும் வளர்ப்புதான். தண்டனை பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லாததால் குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு இடமுண்டு. அந்த ஆறுதல் மட்டும்தான் இருக்கிறது. பூ விடவில்லை, வெறும் இலைதானே என்ற வாதமும் இங்கே எடுபடாது. பூவையும் இலையையும் பிரித்துப் பார்ப்பது கஞ்சா என்ற பொருளுக்குத்தான், செடிக்கு அல்ல.

நம் மாவட்டத்தில் கஞ்சா வழக்கு என்றால் பெரும்பாலும் ஆந்திர-ஒடிசா எல்லையிலிருந்து வரும் பொட்டலங்களும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இலங்கைக்குப் படகேறக் காத்திருக்கும் மூட்டைகளும்தான். அறைக்குள் விளக்கு வைத்து வளர்ப்பது பெருநகரத்துப் பழக்கம். 2021-இல் பெங்களூருவை அடுத்த பிடதியில் வாடகை பங்களா ஒன்றில் வெளிநாட்டவர் வளர்த்தது பிடிபட்டது. 2023 ஜூனில் ஷிவமொக்காவில் வாடகை வீட்டில் வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைதானார்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. டாக்டராக வேண்டியவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அவர்களைப் படிக்க வைத்த பெற்றோரை நினைத்துத்தான் எனக்கு மனம் கனத்தது.

சுவர் சுடுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயிரம் வாட் விளக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் இழுக்கும், அது கடைசியில் அத்தனையும் அந்த அறைக்குள் சூடாகத்தான் மாறும். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். பழைய வீட்டு வயரிங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இந்தப் பளுவுக்குப் போட்டவை அல்ல. கீழே வயதான அப்பா தூங்குகிறார். போலீஸ் வருவதற்கு முன்பே தீ வரலாம். விளக்குகளை இன்றைக்கே அணைக்கச் சொல்லுங்கள்.

செடிகளை நீங்கள் எரிக்க வேண்டாம். குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காகத் தடயத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் குற்றம், உடன்பிறந்தவர் என்ற சலுகை அதில் கிடையாது.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால் வக்கீலைப் பார்க்கப் போகும் அதே நாளில் சொல்லுங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தண்டிப்பது, தெரிந்தே தன் வீட்டை இதற்கு விட்டவரை. தெரிய வந்ததும் தடுக்க எழுந்தவர் அனுமதித்தவர் ஆகமாட்டார். தெரிந்தும் வாரக்கணக்கில் சும்மா இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் 35-ஆம் பிரிவு குற்ற மனம் இருந்ததாகவே அனுமானிக்கிறது, இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். தன் நிலத்தில் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று 46-ஆம் பிரிவு நில உடைமையாளருக்கு விதிக்கும் கடமையும் இருக்கிறது.

தம்பி தானே வக்கீலுடன் போய் அதிகாரிகளிடம் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படும் வழி. செடிகளைக் கைப்பற்றி அழிக்க 48-ஆம் பிரிவில் முறை இருக்கிறது. தண்டனையே வராது என்று நான் வாக்குத் தர முடியாது. தானாக முன்வந்தது ஜாமீனிலும் தண்டனையிலும் கணக்கில் வரும். வணிக அளவு இல்லாதவரை 37-ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் தடையும் பொதுவாகக் குறுக்கே நிற்காது.

அவருக்குப் பழக்கம் எந்த அளவு முற்றியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், 14446 என்ற இலவச எண்ணிலும் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். சிகிச்சைக்கு முன்வருபவருக்கு 64ஏ பிரிவு தரும் பாதுகாப்பு, உபயோகித்த குற்றத்துக்கும் சிறிய அளவுக் குற்றத்துக்கும்தான், வளர்ப்புக்கு அல்ல. ஆனாலும் போங்கள். வழக்கு முடிந்த பிறகும் அவர் வாழ வேண்டுமே.

வக்கீலிடம் நடந்ததைச் சொல்வது ரகசியமாகக் காக்கப்படும், பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு அதற்கு உத்தரவாதம். இனிமேல் எப்படி மறைப்பது என்று கேட்டால் அந்தக் காப்பு கிடையாது. பணத்துக்காகத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.