கை நடுங்கினாலும் கால் நடக்கட்டும்



வயதானவர் ஒருவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால், பேச்சுக் குழறினால், "பெரியவர் காலையிலேயே சம்சு போட்டுட்டாரு" என்று சொல்லிவிடுவது நம் தோட்டங்களில் சுலபம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவரும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கூனிக்குறுகிப் போகிறார். அப்புறம் கடைக்குப் போவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதில்லை. அவருக்கு வந்திருப்பது நடுக்குவாதமாக இருக்கலாம். டாக்டர்கள் இதைப் பார்க்கின்சன் நோய் என்பார்கள். வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி. ஆகவே முடங்காமல் இருப்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

இது என்ன நோய்?

1817-ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நம் மூளையில் சில உயிரணுக்கள் டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. நினைத்தபடி கைகால் அசைவதற்கு அது தேவை. அந்த உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்போது அசைவு மெதுவாகிறது, தசை விறைக்கிறது, சும்மா வைத்திருக்கும் கை நடுங்குகிறது.

பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. கையெழுத்து வரவரச் சிறுத்துப் போகும். மலச்சிக்கலும் வாசனை தெரியாமையும் பல ஆண்டுகளுக்கு முன்பே வரலாம். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. கை நடுங்குகிற எல்லாருக்கும் இந்த நோய் என்றும் நினைத்துவிடாதீர்கள். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. செய்வினையும் அல்ல. அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் பல ஆண்டுகள் நல்லபடி நடமாடலாம்.

மருந்துக்கு நேரம் முக்கியம்

முக்கியமான மருந்து லெவோடோப்பா. அது மூளைக்குள் போய் டோப்பமினாக மாறும். வழக்கமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ இதைப் போடச் சொல்வார்கள். இறைச்சி, மீன், முட்டை, பருப்பு இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். வயிற்றைக் குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

உடலை அசைத்துக்கொண்டே இருங்கள்

பால்வெட்டும் கத்தியைச் சும்மா போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறது. உடம்பும் அப்படித்தான். வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சி நல்லது என்கிறார்கள். அதாவது வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

நடை: குதிகாலை முதலில் ஊன்றுங்கள். அடியைப் பெரிதாக வையுங்கள். கையை வேண்டுமென்றே வீசுங்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணினால் நடை சீராகும்.

கால் ஒட்டிக்கொண்டால்: வாசற்படியிலோ குறுகலான இடத்திலோ கால் தரையோடு ஒட்டியதுபோல நின்றுவிடும். பதற வேண்டாம். இழுக்கவும் வேண்டாம். நின்று, மூச்சு விட்டு, உடம்பை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுங்கள். தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதைத் தாண்டுங்கள். தினமும் ஒரே இடத்தில் கால் நிற்கிறதா? அந்த இடத்தில் உண்மையாகவே கோடு போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது: நின்ற இடத்திலேயே சட்டென்று சுற்றாதீர்கள். வட்டம் போட்டாற்போல நடந்து திரும்புங்கள்.

எழும்போது: நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து எழுங்கள். படுக்கையிலிருந்து எழுமுன் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இல்லாவிட்டால் தலை சுற்றும்.

குரல்: குரல் தணிந்துவிட்டால் நாளிதழை உரக்கப் படியுங்கள். பேத்தியைத் தள்ளி உட்கார வைத்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி படியுங்கள்.

வீட்டில் குளியலறைத் தரை ஈரமாக இருக்கக் கூடாது. சுருண்டு கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். விழுந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

வீட்டாருக்கு

இந்த நோயில் முகத் தசை விறைத்துப் போவதால் சிரிப்பு வெளியே தெரியாது. அப்பா கோபமாக இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் கால் இன்னும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், பத்து நிமிடம் ஆனாலும் சரி. எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுத்தால், இருக்கிற பழக்கமும் போய்விடும். மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு இருந்தால் அதுவும் இந்த நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

முகமது அலியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை வென்றவர். 1984-இல் அவருக்கு இந்த நோய் என்று தெரிந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், உலகமே பார்க்க, நடுங்கும் கையோடு தீபம் ஏற்றினார். கையை மறைக்கவில்லை. 2016 வரை வாழ்ந்தார்.

மருந்தடித்தவர்கள் கவனத்துக்கு

புல்லுக்கு அடித்த பாராகுவாட் மருந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருவருக்கு நோய் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மலேசியாவில் 2002-இல் கட்டுப்படுத்தப்பட்ட பாராகுவாட், 2006-இல் மறுபடி அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ பெண்கள் ஆண்டுக் கணக்கில் அதைத் தோளில் சுமந்து அடித்திருக்கிறார்கள். நீங்கள் அப்படி வேலை செய்தவரானால், எத்தனை வருடம், என்ன மருந்து என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்று எந்த மருந்து அடித்தாலும் கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் நோயை மறைத்துக்கொண்டு மரத்தடியிலும் செம்பனைக் குலையடியிலும் தடுமாற வேண்டாம். டாக்டரின் கடிதத்தோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். இலேசான வேலை கேட்கலாம். சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைச் செயலாளரிடம் விசாரியுங்கள்.

தோழர்களே, உங்கள் வரிசை வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவர் வாசலுக்குப் போய், "வாங்கண்ணே, கோயில் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அவர் மெதுவாகத்தான் வருவார். நீங்களும் மெதுவாகவே நடங்கள்.